நம்பி அடிக்கலாமா?

2018 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குச் சித்தப்பா போன் செய்தார். எங்கள் ஊர் பெரம்பலூர் பக்கம். கரிசல் காடு, மானாவாரி. ஒரு காலத்தில் பருத்தி, இப்போது பெரும்பாலும் மக்காச்சோளம். சித்தப்பாவுக்கு மூன்று ஏக்கர். அவர் சாதாரணமாக எனக்குப் போன் செய்கிற ஆள் இல்லை.

"தம்பி, சோளத்துல புதுசா ஒரு புழு வந்திருக்கு. குருத்துக்குள்ள பூந்துகிட்டு மரத்தூள் மாதிரி கழிச்சு வச்சிருக்கு. இலையெல்லாம் சல்லடை. கடைக்காரன் ரெண்டு மருந்து குடுத்தான், அடிச்சேன், கேக்கல. நீ கம்ப்யூட்டர்ல பாத்து என்ன அடிக்கலாம்னு சொல்லேன்."

வாட்ஸப்பில் படம் அனுப்பச் சொன்னேன். புழுவின் தலையில் தலைகீழாக எழுதிய ஆங்கில ஒய் எழுத்து மாதிரி ஒரு கோடு. வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். பத்து நிமிடத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். படைப்புழு. அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. 2016-ல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018-ல் கர்நாடகத்தில், இந்தியாவில் முதன்முறையாகப் பதிவானது. சில மாதங்களுக்குள் எங்கள் ஊருக்கே வந்துவிட்டது.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் வேளாண் விரிவாக்கப் பக்கம் கிடைத்தது. சுத்தமாக எழுதியிருந்தார்கள். எந்தப் பருவத்தில் என்ன அளவு சேதம் இருந்தால் மருந்து அடிக்கலாம், எது இருந்தால் அடிக்கவே வேண்டாம், எந்த மருந்து. அதிலிருந்து ஒரு பெயரைப் படித்துச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சித்தப்பா கேட்டார்:

"நீ சொல்றத நம்பி அடிக்கலாமா?"

மிகச் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது. என் வேலை சாப்ட்வேர். தினமும் ஏதாவது ஒன்றை மாற்றி, நேரடிப் பயன்பாட்டுக்கு அனுப்புகிறோம். தப்பானால் ரோல்பேக். ஒரு கட்டளை அடித்தால் நேற்று இருந்த மாதிரி ஆகிவிடும். சித்தப்பாவின் மூன்று ஏக்கரில் ரோல்பேக் கிடையாது. அவர் ஒரு பருவத்தை அதில் போட்டிருக்கிறார். மருந்து தப்பாகப் போனால் எனக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த மாதம் ஒண்ணாம் தேதி சம்பளம் வரும்.

"கடைல ஒரு வார்த்தை கேட்டுக்கங்க சித்தப்பா" என்றேன்.

கடையில் கேட்டு ஏமாந்துதான் என்னிடம் வந்திருந்தார். "சரிப்பா" என்று வைத்துவிட்டார். மூன்றாவதாக எதையோ வாங்கி அடித்தார். வழக்கமாக வருவதில் பாதிகூட வரவில்லை.

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது. ஒருவர் இன்னொருவரிடம் "இதைச் செய்" என்று சொல்வதற்கு என்ன தகுதி வேண்டும்? சொல்கிறவருக்கு நஷ்டமில்லை, கேட்கிறவருக்கு மட்டுமே நஷ்டம் என்கிற இடத்தில், அந்தச் சொல்லை எது நியாயமாக்குகிறது?

*

சில வருடம் கழித்து இதே கேள்வி வேறு வேஷத்தில் வந்தது. அப்போது நான் இருந்த நிறுவனத்தில் விவசாயிகளுக்கான செயலி ஒன்றைச் செய்தோம். இலையைப் படம் எடுத்தால் என்ன நோய், என்ன மருந்து என்று சொல்லும். நல்ல மனிதர்கள்தான் செய்தோம். யாரையும் ஏமாற்றும் எண்ணமில்லை. வெளியிடுவதற்கு முந்தின வாரம் சட்டப் பிரிவிலிருந்து ஒரு வரி வந்தது. 'இங்கு தரப்படும் ஆலோசனையால் ஏற்படும் எந்த இழப்புக்கும் நிறுவனம் பொறுப்பல்ல.' அதைத் திரையின் அடியில் சின்ன எழுத்தில் சேர்க்கிற வேலை என்னுடையது. ஐந்து நிமிட வேலை. சேர்த்தேன்.

அன்றைக்கு ராத்திரி சித்தப்பா ஞாபகம் வந்தது. அவர் கேட்ட கேள்விக்கு நான் அன்று சொல்லாத பதிலை இப்போது சாம்பல் நிறத்தில் எழுதி வைத்திருந்தேன். நம்பி அடிக்காதீர்கள் என்று. மேலே பெரிய எழுத்தில் "அடியுங்கள்", கீழே சின்ன எழுத்தில் "எங்களைக் கேட்காதீர்கள்".

உரக்கடைக்காரர் மட்டும் என்ன செய்கிறார்? அவரைத் திட்டுவது சுலபம். ஆனால் ஊரில் ராத்திரி எட்டு மணிக்கும் திறந்திருப்பது அவர் கடைதான். கடன் கொடுப்பதும் அவர்தான். அறுவடை பொய்த்தால் அவர் பணமும் மாட்டிக்கொள்ளும். அந்த அளவுக்கு எங்கள் செயலியைவிட அவர் நேர்மையானவர். ஆனால் அவரால் ஒன்றே ஒன்று முடியாது. "எதுவும் அடிக்க வேண்டாம், பத்து நாள் பொறுங்கள்" என்று சொல்லி அவர் பிழைக்க முடியாது. சும்மா இருக்கச் சொல்லும் ஆலோசனையை விற்க முடியாது.

அப்படியென்றால் அதை யார் சொல்வது? அதைச் சொல்லும் அளவுக்குத் தெரிந்துகொள்ள ஆகும் செலவை யார் கொடுப்பது?

*

ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 'புதிய ரகம் கண்டுபிடிப்பு' என்று செய்தித்தாளில் வருவது வருஷத்தில் ஒரு நாள். மற்ற நாட்களில் அங்கே நடப்பது தோல்வி. ஒழுங்காக, குறிப்பெடுத்து, வரிசை எண் போட்டு நடக்கும் தோல்வி.

1912-ல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். கரும்பு அங்கே பூத்து விதை பிடிக்கும் என்பதால் அந்த இடம். பார்பர் என்ற ஆங்கிலேயரும், அவருடன் பணியாற்றி, பின்னர் அவர் இடத்துக்கு வந்த டி.எஸ். வெங்கடராமனும் நல்ல கரும்பை நாணல் மாதிரி இருக்கும் காட்டுக் கரும்போடு ஒட்டினார்கள். காட்டுக் கரும்பில் சாறும் இல்லை, இனிப்பும் இல்லை. ஒரு விவசாயி தன் நிலத்தில் இதைச் செய்தால் ஊர் சிரிக்கும். அந்த ஒட்டில் வந்த கோ 205 ரகம் 1918-ல் வட இந்தியாவுக்குப் போனது. இன்றைக்கும் கரும்பில் ஒரு புதிய ரகம் என்றால் ஆயிரக்கணக்கான நாற்றுகளில் தொடங்கி, வருஷா வருஷம் கழித்து, பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அந்தப் பத்து வருடமும் தூக்கிப் போடுவதுதான் முக்கியமான வேலை.

இன்னொன்று. 1960களின் கடைசியில், ஐ.ஆர்.8 மாதிரியான குட்டை நெல் ரகங்கள் ஆசியா முழுக்கப் பரவிய பிறகு, பயிரைக் குட்டையாக்கும் ஒரு வைரஸ் நோய் பெரிதாக வந்தது. அதைத் தாங்கும் நெல் ஏதாவது இருக்கிறதா என்று பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தேடினார்கள். 6,000க்கும் மேற்பட்ட விதை மாதிரிகளை நோய்க்குக் காட்டிப் பார்த்தார்கள். தாங்கியது ஒன்று. உத்தரப் பிரதேசத்திலிருந்து போன ஒரு காட்டு நெல். விளைச்சல் என்று பார்த்தால் யாரும் சீண்டாத புல். குர்தேவ் குஷ் தலைமையில் அதன் எதிர்ப்புச் சக்தியைச் சேர்த்து உருவாக்கிய ஐ.ஆர்.36 ரகம் 1976-ல் வெளியானது. 1980களில் உலகிலேயே மிக அதிகப் பரப்பில் பயிரான நெல் ரகங்களில் அது ஒன்று. அதன் முன்னோர்களில் நம்ம ஊர் டி.கே.எம்.6 உண்டு. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் திரூர்குப்பம் நிலையத்தில் உருவான ரகம் அது.

இங்கே நான் பார்ப்பது அந்த ஒன்றை அல்ல. மற்ற ஆறாயிரத்தை. அந்த ஆறாயிரம் தோல்வியும் எங்கேயாவது நடந்தே ஆக வேண்டும். தோற்றுப் பார்க்காமல் எது ஜெயிக்கும் என்று தெரிய வழியில்லை. ஆகவே கேள்வி, தோல்வி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. தோல்வி எந்த நிலத்தில் நடக்க வேண்டும் என்பதுதான்.

ஆராய்ச்சி நிலையத்தின் ஒரு பாத்தியில் பயிர் செத்தால் அந்த நஷ்டம் கோடிக்கணக்கான பேருக்குப் பிரிந்து போகிறது. என் வரியில் சில பைசா, உங்கள் வரியில் சில பைசா. சித்தப்பா நிலத்தில் செத்தால் அவ்வளவும் ஒரே வீட்டில் விழுகிறது. அந்த வருடம் ஒரு கல்லூரிக் கட்டணம் தள்ளிப் போகிறது, ஒரு தோடு அடகுக் கடைக்குப் போகிறது. வேளாண் ஆராய்ச்சிக்கு அரசு பணம் கொடுப்பதை நான் உதவி என்றோ முதலீடு என்றோ பார்க்கவில்லை. தோற்பதற்கான செலவை ஊரே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. அந்தப் பணத்தைக் குறைத்தால் தோல்விகள் குறையாது. இடம் மாறும், அவ்வளவுதான். 2018-ல் எங்கள் ஊரில் ஒவ்வொரு வயலும் ஒரு சோதனைப் பாத்தியாகத்தான் இருந்தது. சோதனை எலிகள் தங்கள் செலவிலேயே மருந்து வாங்கின. யாரும் குறிப்பெடுக்கவில்லை.

*

"இதைத் தனியார் செய்யட்டுமே, அவர்கள்தான் வேகமாகச் செய்வார்கள்" என்று என் அலுவலக நண்பன் சொல்வான். அவன் சொல்வதில் பாதி சரி. தனியாரும் ஆராய்ச்சிக்குக் கொட்டுகிறார்கள், அவர்களும் தோற்கிறார்கள், தங்கள் காசில்தான் தோற்கிறார்கள். ஆனால் போட்டது திரும்பி வரும் இடத்தில்தான் அவர்கள் தோற்க முடியும். மக்காச்சோளத்தில் வீரிய ஒட்டு விதையை வருஷா வருஷம் வாங்கியாக வேண்டும். அங்கே கம்பெனிகள் வரிசையில் நிற்கின்றன. நெல்லில் ஒரு ரகம் கைக்கு வந்துவிட்டால் விவசாயி அடுத்த போகத்துக்குத் தன் களத்திலிருந்தே விதை எடுத்து வைத்துக்கொள்வார், பக்கத்து ஊர் மச்சானுக்கும் ஒரு மூட்டை கொடுப்பார். அங்கே பெரும்பாலும் அரசு நிலையங்கள்தான் வேலை செய்கின்றன. காரணம் புத்திசாலித்தனமோ சோம்பேறித்தனமோ இல்லை. கணக்கு.

அடுத்து, பராமரிப்பு. எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், எழுதி முடித்த சாப்ட்வேர் என்று ஒன்று கிடையாது. பயிரும் அப்படித்தான். ஐ.ஆர்.8 வந்தது 1966. அதைப் புகையான் பூச்சி பிடித்தது. புகையானைத் தாங்கும் ஐ.ஆர்.26, 1973-ல் வந்தது. இரண்டு மூன்று வருடத்தில் அதையும் தின்னத் தெரிந்த புகையான் வந்துவிட்டது. பிறகுதான் ஐ.ஆர்.36. இத்தனை ஓட்டமும் விளைச்சலைக் கூட்டுவதற்காக நடந்தது அல்ல, இருப்பது போய்விடாமல் காப்பதற்கு நடந்தது. இந்த மாதிரி வேலை ஒழுங்காக நடந்தால் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. வராமல் போன பஞ்சத்துக்கு யாரும் மாலை போடுவதில்லை. நிதிநிலை அறிக்கையில் முதலில் வெட்டு விழுவதும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத வேலைக்குத்தான்.

இப்போது அந்த 'சும்மா இரு' ஆலோசனைக்கு வருகிறேன். இந்தோனேசியாவில் 1970களிலும் 80களிலும் நெல்லுக்குப் பூச்சிமருந்தை அரசே பெரும் மானியம் கொடுத்து விற்றது. அடிக்க அடிக்கப் புகையான் கூடியது. மருந்து முதலில் கொன்றது புகையானைத் தின்னும் சிலந்திகளையும் மற்றப் பூச்சிகளையும்தான் என்று வயலில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். 1986-ல் அந்த நாட்டு அதிபர் சுகார்த்தோ, நெல்லில் 57 வகைப் பூச்சிமருந்துகளுக்குத் தடை போட்டார். மானியமும் படிப்படியாகப் போனது. 1989 முதல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் வந்தன. விவசாயிகள் வாரம் ஒரு முறை வயலில் கூடி, பூச்சி எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணி, அடிக்கலாமா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுப்பது. மருந்து குறைந்தது, நெல் குறையவில்லை.

எந்தக் கம்பெனியும் இந்த ஆராய்ச்சிக்குக் காசு போட்டிருக்காது. ஒரு பொருளை வாங்காதே என்பதுதான் அதன் முடிவு.

*

ஆனால் கதையை இங்கேயே நிறுத்தினால் நான் பொய் சொன்னவன் ஆவேன். அந்த மருந்துக்கு மானியம் கொடுத்தது யார்? அரசு. அடிக்கச் சொல்லி ஊர் ஊராகப் போனது யார்? அரசு விரிவாக்க ஊழியர்கள். பசுமைப் புரட்சியின் விதை, உரம், மருந்து என்ற 'பேக்கேஜ்' உலகம் முழுக்க அப்படித்தான் போனது. அது பட்டினியைக் குறைத்தது உண்மை. அதை நக்கலடிக்கும் உரிமை வயிறு நிறைந்த எனக்கு இல்லை. ஆனால் நிலையத்தின் பாத்தியில் அவர்கள் அளந்தது பெரும்பாலும் விளைச்சலை. நல்ல தண்ணீர், முழு உரம், சமமான மண். மானாவாரி நிலத்தில் மழை ஏமாற்றினால் என்ன ஆகும், பத்து வருடத்தில் நிலத்தடி நீர் என்ன ஆகும், மருந்து அடிக்கிறவருக்கு என்ன ஆகும் என்ற சோதனைகள் எல்லாம் விவசாயியின் செலவில் நடந்தன. தோல்வியைத் தன் நிலத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய நிறுவனமே அதை அடுத்தவர் நிலத்துக்குத் தள்ளியது.

அடுத்தவர் என்றதும் நான் சித்தப்பாவோடு நின்றுவிடுகிறேன். அதுவும் சரியில்லை. அந்த வருடம் மூன்றாவது மருந்தைச் சித்தப்பா கையால் அடிக்கவில்லை. கூலிக்கு ஒருவர் வந்தார். முதுகில் டேங்க், மூக்கில் ஒரு துண்டு. ஆள் உயரம் வளர்ந்த சோளத்துக்குள் புகுந்து குருத்தில் அடிக்க வேண்டும். மருந்து முகத்தில்தான் வந்து விழும். ஆலோசனை மேலிருந்து கீழே ஒவ்வொரு படியாக இறங்குகிறது. விஞ்ஞானி, அதிகாரி, கடைக்காரர், விவசாயி, கடைசியில் கூலிக்காரர். ஒவ்வொரு படியிலும் சம்பாத்தியம் குறைகிறது, ஆபத்து கூடுகிறது. கடைசிப் படியில் நிற்பவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. நானும் அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

'விரிவாக்கம்' என்ற சொல்லையே பாருங்கள். எங்கிருந்து எங்கே விரிகிறது? நடுவில் அறிவு இருக்கிறது, அது விரிந்து ஓரத்தில் இருப்பவர் வரை வந்து சேரும் என்ற படம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பிரேசில் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே, நாடு கடந்து சிலியில் வாழ்ந்தபோது, 1969-ல் இதைப் பற்றியே ஒரு சிறு நூல் எழுதினார். விரிவாக்கமா, உரையாடலா என்பதுதான் அவர் கேள்வி. ஒருவரை வாங்கிக்கொள்ளும் பாத்திரமாக மட்டும் நடத்தினால், கொடுக்கும் விஷயம் எவ்வளவு சரியானாலும் அது அவரை மனிதராக மதிக்காத செயல் என்றார்.

அறிவு ஒரே திசையில் ஓடுகிறது என்பது சரித்திரப்படியும் தப்பு. கோவை நெல் ஆராய்ச்சி நிலையம் 1921-ல் வெளியிட்ட ஜி.இ.பி.24 என்ற ரகம், கோணாமணி என்ற நாட்டு நெல்லில் தானாகத் தோன்றிய ஒரு மாற்றத்திலிருந்து எடுத்தது. டி.கே.எம்.6-இன் தாய் தகப்பனில் ஒன்று அது. அப்படியே கீழே வந்தால் ஐ.ஆர்.36. கோணாமணியை அத்தனை தலைமுறையாக விதைத்து, பொறுக்கி, காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு யாரும் சம்பளம் போடவில்லை. பல்கலைக்கழகம் விவசாயிக்கு இலவசமாகக் கொடுக்கிறது என்று சொல்லும்போது, அதற்கு முன்னால் இலவசமாக வாங்கிக்கொண்ட கணக்கு விட்டுப்போகிறது.

இந்த ஏற்பாட்டின் முன்மாதிரியான அமெரிக்காவிலும் விட்டுப்போன கணக்கு உண்டு. 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினருக்கும் 30,000 ஏக்கர் என்ற கணக்கில் நிலம் கொடுத்து, அதை விற்ற பணத்தில் விவசாயமும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை உண்டாக்கியது. 1887-ல் ஹேட்ச் சட்டம், ஆராய்ச்சி நிலையத்துக்கு வருடம் 15,000 டாலர். 1914-ல் ஸ்மித்-லீவர் சட்டம், கல்லூரியின் அறிவைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும் விரிவாக்கப் பணி. நான் அன்று ராத்திரி படித்த அந்தச் சுத்தமான பக்கம் இந்த மூன்று சட்டங்களின் பேரப்பிள்ளை. அந்த நிலம் எங்கிருந்து வந்தது? பூர்வகுடிகளிடமிருந்து, பலவந்தமாகவும் ஒப்பந்தம் என்ற பெயரிலும் பிடுங்கியது. யாரோ ஒருவர் கேட்காமலே செலவு செய்திருக்கிறார். செலவை ஊரே பகிர்ந்துகொள்கிறது என்று நான் மேலே பெருமையாக எழுதிய வரிக்குப் பக்கத்தில் இதையும் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

*

நம்முடைய வேளாண் பல்கலைக்கழகங்கள் அந்த அமெரிக்க முறையைப் பார்த்துக் கட்டியவை. முதலாவது 1960-ல் பந்த்நகரில். தமிழ்நாட்டில் 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி 1906-ல் கோவைக்குப் போய், கல்லூரியாகி, 1971-ல் பல்கலைக்கழகம் ஆனது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில், அந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்தது. இன்று நாடு முழுக்க 700க்கும் மேல் இருக்கின்றன. நாங்கள் சுருக்கமாகக் கே.வி.கே. என்போம்.

2018-ல் சித்தப்பா அங்கே ஏன் போகவில்லை? கேட்டேன். "எங்க இருக்குன்னு தெரியும். போய் என்ன கேக்கறதுன்னுதான் தெரியல" என்றார். ஊருக்கு வரும் வேளாண் அலுவலர் கையில் எப்போதும் மானியப் பட்டியலும் ஆதார் நகலும்தான் இருக்கும். பத்துப் பதினைந்து ஊரை ஒரே ஆள் பார்க்கிறார். வயலில் இறங்க அவருக்கும் ஆசை இருக்கலாம். நேரம் இல்லை.

அடுத்த வருடம் சித்தப்பா போனார். நான் சொல்லி இல்லை. பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் கூட்டிப்போனார். அங்கே இருந்தவர் ஒரு பெண் விஞ்ஞானி, என் வயதுதான் இருக்கும். முதலில் அவர் மருந்து எதையும் சொல்லவில்லையாம். "போன வருஷம் என்னென்ன அடிச்சீங்க, எந்த நாள்ல அடிச்சீங்க?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாராம். வளர்ந்த புழு குருத்துக்குள் தன் கழிவாலேயே மூடிக்கொள்ளும், அதற்கு மேல் எதை அடித்தாலும் உள்ளே போகாது, சின்னப் புழுவாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும் என்றிருக்கிறார். கோடை உழவு, கடைசி உழவில் வேப்பம் புண்ணாக்கு, விதை நேர்த்தி, ஓரத்தில் தட்டைப்பயறு, இனக்கவர்ச்சிப் பொறி. பிறகு, "இது எங்களுக்கும் புதுப் பூச்சி. எவ்வளவு கட்டுப்படும்னு உறுதியா சொல்ல முடியாது. ஒரு ஏக்கர்ல மட்டும் செஞ்சு பாப்போம். விதை, புண்ணாக்கு, பொறி எல்லாம் நாங்க தரோம். மத்த ரெண்டு ஏக்கர் உங்க இஷ்டம்" என்றாராம்.

செயல்விளக்கத் திடல் என்பார்கள். அரசு ஆவணத்தில் ரொம்ப வறட்டுப் பெயர். சித்தப்பா எனக்கு அதை விளக்கியது இப்படி: "கெட்டா அவங்களுக்கும் கெடும்ல தம்பி. அந்தப் பொண்ணு வாரா வாரம் வந்து நின்னுச்சு."

நான் அன்று போனில் சொல்லத் தெரியாமல் விழுங்கிய பதில் இதுதான் என்று நினைக்கிறேன். நம்பலாமா என்ற கேள்விக்கு, சொல்கிறவருக்கு எவ்வளவு தெரியும் என்பது பாதிப் பதில். எனக்கும் அந்த விஞ்ஞானிக்கும் புழுவைப் பற்றித் தெரிந்ததில் அன்று பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றுகூடச் சொல்வேன். வித்தியாசம் மற்றப் பாதியில். அவர் தெரியாததைத் தெரியாது என்றார். தப்பினால் ஆகும் செலவில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டார். அடுத்த வாரமும் அதே வரப்பில் வந்து நின்றார். இந்த மூன்றையும் செய்ய அவருக்கு ஒரு சம்பளம், ஒரு ஜீப், கொடுப்பதற்குக் கொஞ்சம் விதையும் புண்ணாக்கும் வேண்டும். அரசு ஆதரவு என்று பெரிய வார்த்தையில் சொல்வது, கிட்டே போய்ப் பார்த்தால், அந்த ஜீப்புக்கு டீசல்தான்.

அதனால் வேளாண் பல்கலைக்கழகங்களுக்கு அரசு பணம் கொடுக்க வேண்டுமா என்று கேட்டால் ஆமாம் என்பேன். கூடவே மூன்று விஷயம் கேட்பேன். தோற்ற சோதனைகளையும் ஜெயித்தவை மாதிரியே தமிழில் வெளியிடுங்கள், அவற்றுக்கும் நாங்கள்தான் பணம் கொடுத்தோம். 'எதுவும் செய்ய வேண்டாம்' என்று சொல்லும் ஊழியரை, இலக்கை முடிக்கவில்லை என்று தண்டிக்காதீர்கள். உறுதியாகத் தெரியாததை விவசாயி நிலத்தில் சோதித்தால், கெட்டதற்கு ஈடு கொடுத்துவிட்டுச் சோதியுங்கள், மருந்து அடிக்கும் கூலிக்காரரையும் அந்தக் கணக்கில் சேருங்கள். இவை இல்லாத ஆராய்ச்சிப் பணம், எங்கள் செயலியின் சின்ன எழுத்து வரியை அரசு முத்திரையோடு அச்சடித்த மாதிரி.

அந்த ஒரு ஏக்கரில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். நன்றாக வந்தது, ஆனால் பிரமாதமாக இல்லை. மற்ற இரண்டு ஏக்கரைவிடப் புழு குறைவு, மருந்துச் செலவும் குறைவு. அந்த வருடம் எங்கள் பக்கம் எல்லாருக்குமே புழு கொஞ்சம் குறைவுதான், அதனால் எது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று அந்த விஞ்ஞானியே சொல்லிவிட்டாராம். சித்தப்பாவுக்கு அது பிடித்திருந்தது. "உண்மையச் சொல்லிடுச்சு" என்றார்.

இப்போதும் எப்போதாவது போன் செய்கிறார். போன மாதம் வெங்காயத்தில் ஏதோ நுனிக் கருகல் என்று படம் அனுப்பினார். தேடிப் பார்த்தேன். நான்கு காரணம் இருக்கலாம் என்று வந்தது. "எனக்குத் தெரியல சித்தப்பா. செடியோட ரெண்டு பிடுங்கி எடுத்துட்டுப் போய் கே.வி.கே.ல காமிங்க" என்றேன்.

"அந்தப் பொண்ண மாத்திட்டாங்களாம்பா" என்றார். "புதுசா இன்னும் யாரும் வரலயாம்."